நான் எழுதி அவர் கையெழுத்துப் போட்ட அணிந்துரை

போன மாதம், நான் வேலை பார்த்த பதிப்பகத்திலிருந்து இரண்டு பெண்கள் சாந்தோமுக்கு என்னைப் பார்க்க வந்தார்கள். இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்து புரூஃப் பார்ப்பவர்கள். பேச்சோடு பேச்சாக ஒருத்தி, "ஆன்ட்டி, இப்பல்லாம் அணிந்துரையைக்கூட கம்ப்யூட்டரே எழுதிக் குடுத்துடுது. புக் பேரைச் சொன்னா போதும், யாரும் படிக்கவே வேணாம்" என்றாள், ஏதோ நிலாவுக்கு ஆள் போன மாதிரி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "முப்பத்தொரு வருஷம் அந்தக் கம்ப்யூட்டர் நான்தான்டி" என்றேன். அவர்கள் நம்பவில்லை. எழுதிக் காட்டுங்கள் என்று விடாப்பிடியாக நின்றார்கள். சரி, எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். என் பெயர் ரெஜினா. அதை மாற்ற அவசியமில்லை, எந்தப் புத்தகத்திலும் அது வந்ததில்லை.

வேலைக்குச் சேர்ந்த கதையை நாலு வரியில் முடித்துவிடலாம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். நானும் வாத்திச்சியாகிறேன் என்று பயிற்சிக்குப் போய், பாதியில் பணம் இல்லாமல் நின்று, மயிலாப்பூரில் பக்திப் புத்தகங்கள் போடும் ஒரு பதிப்பகத்தில் புரூஃப் படிக்கப் போனேன். ஈய எழுத்துக் காலம். ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிப்பார், இன்னொருவர் அச்சான தாளைப் பார்ப்பார். புள்ளி, கமா எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெருமாள் கோயிலுக்கே போகாத, மாதா கோயில் ஞாயிறு பூசைக்காரி நான், சஹஸ்ரநாமத்தைக் கமாவோடு மனப்பாடமாகச் சொல்வேன். எங்கள் பங்குச் சாமியாருக்கு இது தெரியாது.

எங்கள் முதலாளி வைத்தா சார். வைத்தியநாதன் என்ற முழுப்பெயரைச் செக்கில்தான் பார்க்கலாம். குரலை உயர்த்தியே பேச மாட்டார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், நாம் கிட்டே போய்க் காதைக் கொடுத்துத் திட்டு வாங்க வேண்டும். கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் பென்சிலால் உத்தரவு எழுதுவார். புத்தகம் எதையும் படிக்க மாட்டார். கையில் வாங்கி, இரண்டு முறை தூக்கிப் பார்ப்பார், அவ்வளவுதான். ஆனால் மிஷினுக்குப் போகிற கடைசிப் புரூஃப் வந்தால், கண்ணை மூடிக்கொண்டு நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து அதை மட்டும் படிப்பார். அது நன்றாக இருந்தால் புத்தகம் முழுக்க நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

அவருக்கு ஒரே ஒரு கொள்கை இருந்தது. புத்தகத்தின் முதுகில் பெயர் நிற்க வேண்டும். மெலிந்த புத்தகத்தை அலமாரியில் வைத்தால் முதுகில் எழுத இடம் இருக்காது, யாரும் உருவிப் பார்க்க மாட்டார்கள். மெலிந்த புத்தகத்தைக் குண்டாக்க வழி? அணிந்துரை, வாழ்த்துரை, ஆசியுரை. பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு ஃபாரம், ஒரு ஃபாரம் ஏறினால் முதுகு ஒரு நூல் தடிக்கும். எழுதுகிறவர்களை அவர் தரம் பிரித்து வைத்திருந்தார். ரிட்டயர்டு ஜட்ஜ் முதல் தரம். டாக்டர், இதய டாக்டராக இருந்தால் முதல் தரம், பல் டாக்டர் என்றால் வாழ்த்துரையோடு சரி. உபன்யாசகர் இரண்டாம் தரம். சபா செக்ரட்டரி வருஷத்தில் பதினோரு மாதம் மூன்றாம் தரம், டிசம்பரில் மட்டும் முதல் தரம்.

இந்தப் பெரிய மனிதர்களுக்கெல்லாம் படிக்க நேரம் ஏது, எழுத நேரம் ஏது? ஆகவே வைத்தா சார் கல்யாணப் பத்திரிகைக்குப் பின்னால் "ஜட்ஜ், மூணு பக்கம்" என்று எழுதி என் மேஜையில் வைப்பார். நான் எழுதுவேன். ஜட்ஜுக்கு 'ஐயந்திரிபற' என்ற சொல் ஒரு தடவையாவது வர வேண்டும். இதய டாக்டருக்கு நடுவில் இதயம். உபன்யாசகர் என்றால் புத்தகத்தைப் பற்றி ஒரு வரி, அவருடைய குருவைப் பற்றி இரண்டு பக்கம். தட்டச்சு செய்து, பழத்தட்டோடு போகும். கையெழுத்தோடு திரும்பி வரும். கையெழுத்து விழுந்த பிறகு வைத்தா சார் ஒரு புள்ளியை மாற்ற விடமாட்டார். "பெரியவா கையெழுத்து போட்டாச்சு ரெஜினா. இனிமே அது நம்மது இல்லே" என்பார். நூலாசிரியர் எழுதியதை எத்தனை தடவை வேண்டுமானாலும் வெட்டுவார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு புரட்டாசி மாதம் பத்மாசனி வந்தார். வயலின் வித்வான். நாற்பது வயதைத் தாண்டியவர், ராஜா அண்ணாமலைபுரத்தில் வீடு. ஒரு கையில் வயலின் பெட்டி, இன்னொரு கையில் ஜவுளிக்கடைப் பையில் கையெழுத்துப் பிரதி. இன்றைய பெண்ணைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருப்பதாகச் சொன்னார். முதல் புத்தகம். பெயர் 'மத்தியானக் கச்சேரி'.

டிசம்பர் சங்கீத சீசனில் மத்தியானம் ஒன்றரை மணிக் கச்சேரி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டிக்கெட் கிடையாது. புதுசாகப் பாட வந்த பிள்ளைகளுக்கும், எத்தனை வருஷமானாலும் பெண்களுக்கும் அதுதான். கேட்பதற்கு, கான்டீனில் சாப்பிட்டு முடித்தவர்கள் ஃபேன் காற்றுக்காக வந்து உட்காருவார்கள். பத்மாசனி பதினெட்டு வருஷம் அந்த நேரத்தில் வாசித்தவர்.

வைத்தா சார் பிரதியைத் தூக்கிப் பார்த்தார். "தொண்ணூத்தாறு பக்கம் வரும். முதுகு நிக்காது. பேரும் சரியில்லே. 'நவயுக நங்கையர் நெறி'ன்னு வெச்சுக்கலாமா?"

"நெறி சொல்ற அளவுக்கு நான் பெரியவ இல்லே சார். பேர் இதுவே இருக்கட்டும்."

"அட்டையில வீணை போட்டுடலாம், பக்கத்துல ஒரு குத்துவிளக்கு."

"நான் வயலின்னா வாசிக்கறேன்?"

"பெண்மைன்னா வீணைதான் எடுபடும். வயலின் போட்டா பாட்டு நோட்டுன்னு நெனைச்சுப்பா."

அட்டை விஷயத்தில் பத்மாசனி விட்டுக்கொடுத்தார். பிறகு அணிந்துரைப் பட்டியலைப் பார்த்தார். ஜட்ஜ், டாக்டர், உபன்யாசகர், இன்னும் ஒருவர் பெயர் பின்னால் சேர்க்கப்படும். "பொம்மனாட்டிகளைப் பத்தின புஸ்தகத்துக்கு எல்லாருமே ஆம்பளையா?" என்று கேட்டார். வைத்தா சார் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஒரு பொம்மனாட்டி நல்லாருக்குன்னு எழுதினா, அவா அவாளைப் பத்தி அவாளே சொல்லிக்கற மாதிரி ஆயிடுமே அம்மா."

நான் பிரதியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். எங்கள் டி.டி.பி. ஆபரேட்டர் செல்வி, கிண்டிப் பக்கத்துப் பெண், வாயைத் திறந்தால் மெட்ராஸ். அவள் உரக்கப் படிக்க, நான் தாளைப் பார்க்க ஆரம்பித்தோம். இப்படி எத்தனையோ பெண்மை புத்தகங்கள் பார்த்தவள் நான். எல்லாவற்றிலும் பெண் பூமாதேவியாக இருப்பாள், பொறுமையாக இருப்பாள், கடைசி அத்தியாயத்தில் சமையல் குறிப்பும் சொல்வாள். இது அப்படி இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் வயலின் வாசிக்கச் சொல்லிக் கேட்டு மகிழ்ந்ததையும், கல்யாணமான மறுவாரம் அதே வயலின் சத்தத்தில் மாமியாருக்குத் தலைவலி வந்ததையும் ஒரு அத்தியாயம் முழுக்க எழுதியிருந்தார். 'நவீனப் பெண் என்பவள் பழைய வேலைகளை முடித்துவிட்டுப் புதிய வேலைக்குப் போகிறவள்' என்று ஒரு வரி. செல்வி அதைப் படித்துவிட்டு, "கரீக்டா சொல்லிகீதுக்கா இந்தம்மா" என்றாள். அவள் காலை நாலு மணிக்கு எழுந்து, தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்து, சோறாக்கிவிட்டு வருகிறவள்.

நாலாவது அத்தியாயத்தில் அவள் குரல் மாறியது.

ஒரு பெரிய பாடகருக்குச் சாயங்காலக் கச்சேரியில் வாசிக்கப் பத்மாசனிக்கு அழைப்பு வருகிறது. பதினெட்டு வருஷத்தில் முதல் சாயங்காலம். நோட்டீசில் பெயர் அடித்தாயிற்று. அன்று காலை சபா செக்ரட்டரி போன் செய்கிறார். வித்வான் பெண்களைப் பக்கவாத்தியமாக வைத்துக்கொள்வதில்லையாம், இப்போதுதான் நோட்டீசைப் பார்த்தாராம். 'உங்களுக்கு ஜுரம்னு நான் அனௌன்ஸ் பண்ணிடறேன். யாருக்கும் மனஸ்தாபம் வேண்டாம்.' பத்மாசனி போனை வைத்துவிட்டார். வீட்டில் எல்லா ஏற்பாடும் செய்து முடித்திருந்தார். ராத்திரிச் சமையல்கூட ஆகிவிட்டது. பத்து வருஷத்தில் ஒழிந்து கிடைத்த ஒரே ஒரு சாயங்காலம், அதை வீணாக்க மனசில்லாமல் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பதினாலாவது வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் செக்ரட்டரி மைக்கைப் பிடித்து, 'ஸ்ரீமதி பத்மாசனிக்குக் கடும் ஜுரம்' என்றார். மிருதங்கத் தனி ஆரம்பித்ததும் எல்லோரும் கான்டீனுக்கு எழுந்து போக, இவரும் போனார். நாலு பேர் ரவா தோசையைக் கையில் வைத்துக்கொண்டு, ஜுரத்தோடு இப்படி அலையலாமா என்று கண்டித்தார்கள். ஒரு மாமி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஆமா, சுடறது" என்றாளாம்.

இதுவரை நானும் செல்வியும் சிரித்தோம். அடுத்த பக்கத்தில் சிரிப்பு நின்றது. அந்தச் சீசன் முடிவதற்குள் ஜுரம் டைஃபாய்டு ஆகியிருந்தது. தை மாதத்தில் மஞ்சள் காமாலை. கோடையில் யாரோ, 'பாவம், கை நடுங்கறதாம்' என்றார்கள். வயலின்காரிக்குக் கை நடுக்கம் என்று ஒரு பேச்சு கிளம்பினால் அப்புறம் யார் கூப்பிடுவார்கள்? இரண்டு வருஷம் ஒரு கச்சேரி இல்லை. மத்தியானம்கூட இல்லை. யாரிடம் போய், எனக்குக் கை நடுங்கவில்லை என்று சொல்வது? சொன்னால், ஐயோ பாவம், ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாளே என்பார்கள். அதனால்தான் எழுத ஆரம்பித்ததாக அத்தியாயம் முடிந்தது.

செல்வி திரையைப் பார்த்துக்கொண்டே, "இவனுங்கல்லாம் நல்லா இருப்பானுங்களாக்கா?" என்றாள்.

மறுவாரம் பத்மாசனி முதல் புரூஃப் பார்க்க வந்தார். அதற்குள் நாலாவது அணிந்துரைக்காரர் பெயர் சேர்ந்திருந்தது. சபா செக்ரட்டரி கோபாலரத்தினம். டிசம்பர் நெருங்கிவிட்டது அல்லவா, முதல் தரம். வெளியீட்டு விழாவும் அவர் சபாவின் சின்ன ஹாலிலேயே. எங்கள் பக்திப் புத்தக ஸ்டாலும் வருஷா வருஷம் அந்தச் சபா வாசலில்தான். பத்மாசனி அந்தப் பெயரைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"ரெஜினா, போன் பண்ணினவர் இவர்தான்."

"முதலாளிகிட்ட சொல்லிடட்டுமா?" என்றேன்.

"வேண்டாம். அவர் படிக்கட்டும். படிச்சுப் பார்த்துட்டு அணிந்துரை குடுத்தார்னா, எங்கிட்ட மன்னிப்புக் கேட்டதா எடுத்துண்டுடறேன். குடுக்கலேன்னா வேண்டாம். எப்படியும் ஒரு தடவை அவர் அதைப் படிச்சாகணுமோல்லியோ?"

அணிந்துரை எழுதுகிறவர் புத்தகத்தைப் படிப்பார் என்று நம்புகிற ஒரு மனுஷியை என் சர்வீசில் அன்றுதான் பார்த்தேன். இருபது வருஷம் தாளத்தையும் ஸ்ருதியையும் நம்பிப் பிழைத்தவருக்கு எங்கள் தொழில் எப்படித் தெரியும்? "கோபாலரத்தினம், இரண்டு பக்கம்" என்று எழுதிய கல்யாணப் பத்திரிகை அப்போது என் மேஜை டிராயருக்குள் இருந்தது. டிராயரை முழங்காலால் தள்ளி மூடினேன்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே எழுதினேன். முதல் ஒன்றரைப் பக்கம் வழக்கம்போல. சங்கீதம், சரஸ்வதி கடாட்சம், சபாவின் சேவை. பிறகு இப்படி எழுதினேன்: 'நான்காம் அத்தியாயத்தை ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். அதில் உள்ளது அத்தனையும் உண்மை. அன்று அம்மையாருக்குக் காய்ச்சலும் இல்லை, இன்றுவரை கை நடுக்கமும் இல்லை. இதை என்னைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இல்லை.' கீழே இரண்டு வரி மங்களம்.

செல்வி அடித்துக் கொடுத்தாள். அந்த இடம் வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னாக்கா இது?" என்றாள். "அடி" என்றேன். அடித்தாள்.

பழத்தட்டை எடுத்துக்கொண்டு நானே போனேன். கோபாலரத்தினம் சபா வாசலில், காரில் ஏறப் போகிறவர், என்னைப் பார்த்ததும் நின்றார். "எத்தனை பக்கம்மா?" "ரெண்டு சார்." "ஜட்ஜுக்கு?" "மூணு." முகம் சற்று வாடியது. "என் போட்டோ போடறேளா?" "போடறோம் சார். ஒரு தடவை படிச்சுப் பார்த்துட்டு…" என்று நான் இழுத்தேன். அதையும் சொல்ல வேண்டும், சொன்னேன். "டிசம்பர் சீசன் வேலைக்கு நடுவுலே எங்கேம்மா படிக்கறது? நீங்க எழுதினா நன்னாத்தான் இருக்கும்" என்று கார் பானெட்டின் மேல் தாளை வைத்துத் தங்க மூடிப் பேனாவால் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து மட்டும் கால் பக்கம் வந்தது.

அடுத்த ஞாயிறு மாதா கோயிலில், பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். ஃபாதர், "அவர் கையெழுத்தை நீ போடலையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். பெரிய பாவம் என்றால் ஒரு முழு ஜெபமாலை கேட்டிருப்பார், எனக்குத் தெரியும்.

கடைசிப் புரூஃப் தயாரானது. வைத்தா சார் வழக்கப்படி கண்ணை மூடினார், திறந்தார். எந்த அத்தியாயம் என்று நான் சொல்ல வேண்டுமா? படித்தார். ஒரு பக்கத்தோடு நிறுத்தாமல் அடுத்த பக்கமும் படித்தார். நான் பார்த்து அவர் இரண்டாவது பக்கம் படித்தது அன்றுதான்.

"ரெஜினா." குரல் மிகவும் மெதுவாக வந்தது. கிட்டே போனேன். "இந்தச் செக்ரட்டரி யாரு?"

சொன்னேன்.

"வாசல்லே ஸ்டால் போடறோமே, அது யாரோட சபான்னு தெரியுமா? நாலாம் அத்தியாயத்தை எடுத்துடு. ஒரு ஃபாரம் மிச்சம். முதுகுக்கு இன்னொரு வாழ்த்துரை வாங்கிக்கலாம். அந்தப் பல் டாக்டர் இருக்காரே."

பத்மாசனிக்குச் சொல்லி அனுப்பினார். அவர் ஆட்டோவில் வயலின் பெட்டியோடு வந்து இறங்கினார். வைத்தா சார் பொறுமையின் பெருமையைப் பற்றிக் கால் மணி நேரம் எடுத்துச் சொன்னார். பாதிச் சொற்கள் நான் ஜட்ஜுக்கு எழுதிக் கொடுத்தவை. பத்மாசனி முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"சார், மிச்ச அத்தியாயத்தையெல்லாம் எடுத்துடுங்கோ. ஒண்ணும் சொல்லலே. அது ஒண்ணு இருந்தா போதும். அது இல்லேன்னா புஸ்தகமே வேண்டாம். ஆத்துல தெனமும் நாலு மணி நேரம் சாதகம் பண்ணிண்டுதான் இருக்கேன். எதுக்குன்னு எம்பொண்ணு கேக்கறா. எனக்குக் கை நல்லாருக்குன்னு ஊருக்குச் சொல்ல எனக்கு வேற எடம் இல்லே சார்."

சொல்லும்போது கையை நீட்டிக் காட்டினார். ஆடாமல் நின்றது. வைத்தா சார் அந்தக் கையைப் பார்க்காமல் பேப்பர் வெயிட்டைப் பார்த்தார். "கொஞ்சம் வெளியில உக்காருங்கோம்மா, காபி சாப்பிடுங்கோ" என்றார்.

அவர் வெளியே போனதும் நான் அணிந்துரையை எடுத்து மேஜை மேல் வைத்தேன். "சார், இதையும் பாத்துடுங்க. செக்ரட்டரி சாரே நாலாம் அத்தியாயத்தைப் பத்தி எழுதியிருக்கார்."

வைத்தா சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார். என்னைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் என்னிடம் குரலை உயர்த்தாத நாள்களில் அதுவே மிகவும் மெதுவான நாள்.

"இது யார் எழுதினது?"

"கையெழுத்து அவருதுதான் சார்."

"மாத்திடு."

"கையெழுத்து போட்டாச்சே சார். இனிமே அது நம்மது இல்லேன்னு நீங்கதான் சொல்வீங்க. சரி, வேற எழுதித் தரேன். மறுபடி அவர்கிட்ட போய்க் கையெழுத்துக் கேக்கணும். ஏன் மறுபடின்னு கேப்பார். பழசுல என்ன இருந்துதுன்னு கேப்பார். அப்புறம் படிச்சுப் பார்ப்பார்."

வைத்தா சார் கண்ணை மூடிக்கொண்டார். அந்த மண்டைக்குள் என்ன ஓடியது என்பதை என்னால் வரி வரியாகச் சொல்ல முடியும். அத்தியாயத்தை எடுத்தால் அணிந்துரையை மாற்ற வேண்டும். மாற்றினால் செக்ரட்டரி படிப்பார். எதையும் தொடாமல் அச்சடித்தால் படிக்கவே மாட்டார். ஆக, அந்த அத்தியாயத்தைச் செக்ரட்டரி கண்ணில் படாமல் வைக்க இருக்கிற ஒரே பத்திரமான இடம் புத்தகம்தான்.

"அச்சுக்கு அனுப்பு" என்றார்.

பிறகு பத்மாசனியை உள்ளே கூப்பிட்டு, தாமே போராடிப் பெற்றுத் தந்த தோரணையில், "அத்தியாயம் இருக்கும்மா. செக்ரட்டரியே எவ்வளவு சிலாகிச்சு எழுதியிருக்கார் பாருங்கோ" என்று அந்தத் தாளை நீட்டினார். அவர் படித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. "அவரேவா எழுதினார்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கையெழுத்து அவரோடதுதான்" என்றேன். அதே வாக்கியம், ஐந்து நிமிஷத்துக்குள் இரண்டாம் முறை.

வெளியீட்டு விழா நாளன்று சின்ன ஹால் நிரம்பியது. அடுத்த ஹாலில் கச்சேரி தள்ளிப் போனதால் என்று சொன்னார்கள். ஜட்ஜ் பேசினார். பெண்மை என்பது ஐயந்திரிபற என்ன என்று விளக்கினார். இதய டாக்டர் இதயத்தைப் பற்றிப் பேசினார். உபன்யாசகர் வரவில்லை, அவருடைய குருவின் படம் வந்திருந்தது. கோபாலரத்தினத்துக்குப் பேச ஒன்றும் தயாராக இல்லை. புத்தகத்தைத் திறந்து, "நான் சொல்ல வேண்டியதெல்லாம் இதிலேயே எழுதியிருக்கேன், வாசிக்கிறேன்" என்றார். நல்ல கணீர்க் குரல். முதல் ஒன்றரைப் பக்கம் ஜோராகப் போயிற்று. சபாவின் சேவைக்குத் தாமே தலையாட்டிக்கொண்டார். 'ஒரு வார்த்தை விடாமல் படித்தேன்' என்ற இடத்தையும் கம்பீரமாகத் தாண்டினார். காய்ச்சலுக்கு வரும்போதுதான் கண் முன்னாலே ஓடிப் பார்த்துவிட்டது. ஆனால் குரல் நிற்கவில்லை. மேடைப் பழக்கம் அப்படி. 'கை நடுக்கமும் இல்லை' என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி படித்துவிட்டார். கடைசி வரியையும் படித்தார்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேர்வை. ஜனங்கள் அழுகிறார் என்று நினைத்தார்கள். யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லோரும். கைதட்டல் கேட்டால் எழுந்து கும்பிட்டே பழக்கப்பட்ட மனிதர். கும்பிட்டார். "உண்மையைச் சொல்ல நான் என்னிக்குமே தயங்கினதில்லே" என்று சொந்தமாக ஒரு வரியும் சேர்த்தார். பத்மாசனி எழுந்து போய் எல்லார் முன்னாலும் அவருக்கு நமஸ்காரம் பண்ணினார்.

விழா முடிந்து கோபாலரத்தினம் எங்கள் ஸ்டாலுக்கு வந்தார். ஒரு ஸ்லோகப் புத்தகத்தைப் புரட்டியபடி, "ஏம்மா, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?" என்றார். "படிக்கச் சொன்னேனே சார்" என்றேன். "நன்னாத்தான் போச்சு" என்று சொல்லிவிட்டுக் காபி சாப்பிடப் போனார்.

அந்தச் சீசனிலேயே அவரைப் பெண்களின் காவலர் என்று இரண்டு பத்திரிகைகள் எழுதின. காவலர் ஆன பிறகு சும்மா இருக்க முடியுமா? அடுத்த வருஷம் பத்மாசனிக்குச் சாயங்காலக் கச்சேரி, அதுவும் தனியாக. தி.நகர் சபாவும் அடையாறு சபாவும் பின்னாலேயே கூப்பிட்டன. நான் கேட்கப் போனேன். எனக்கு ராகம் தெரியாது. வில் பிடித்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று சொல்ல எனக்கென்ன வெட்கம்?

உண்மையை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒருநாள் ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் போனேன். பஸ்ஸிலேயே வாக்கியங்களைச் சரி பார்த்து வைத்திருந்தேன். அவர் சாதகத்தை நிறுத்திவிட்டுக் காபி கலந்து கொடுத்தார். நான் ஆரம்பிப்பதற்குள், "ரெஜினா, கச்சேரி வந்தது பெரிசில்லே. அந்த மனுஷன் தன் வாயால ஒத்துண்டாரே, அன்னிக்குத்தான் எனக்குள்ளே இருந்த கசப்பு போச்சு. இல்லேன்னா வாசிச்சிருப்பேன், ஆனா பல்லைக் கடிச்சுண்டு வாசிச்சிருப்பேன்" என்றார். காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று வருஷம் கழித்து அவருடைய இரண்டாவது புத்தகம் வந்தது. இந்தத் தடவை கனமான புத்தகம், அணிந்துரையே தேவையில்லை. அட்டையில் வயலின். நானும் செல்வியும் புரூஃப் படிக்க உட்கார்ந்தோம். தலைப்புப் பக்கம் முடிந்து சமர்ப்பணப் பக்கம். செல்வி உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.

"தன் தவறைத் தானே எழுதி, என் கைகளை எனக்குத் திருப்பித் தந்த பெருந்தகை, திரு. கோபாலரத்தினம் அவர்களுக்கு, முற்றுப்புள்ளி."

எந்தப் புத்தகத்திலும் என் பெயர் வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதில்லை. அன்று, அந்த ஒரு பக்கத்தில், ஆசைப்பட்டேன். ரொம்பவும் ஆசைப்பட்டேன்.

செல்வி கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "அக்கா, 'தானே எழுதி'ன்றதையாவது எட்துடவா? யாருக்குத் தெரியப் போவுது?"

"வேண்டாம்டி. அந்தம்மா மனசார எழுதினது, அப்படியே இருக்கட்டும்" என்றேன். அடுத்த பக்கத்தைப் படிக்கச் சொன்னேன்.